ஞாயிற்றுக்கிழமைப் படகு

அத்தான் சைக்கிள் டயரில் காற்று இருக்கிறதா என்று விரலால் அமுக்கிப் பார்க்க மாட்டார். அறைவார். உள்ளங்கையை விரித்து டயரின் பக்கவாட்டில் ஓர் அறை. சத்தத்தை வைத்தே எவ்வளவு குறைகிறது என்று சொல்லிவிடுவார். தூத்துக்குடியில் அவர் வீட்டு வாசலில், ஒரு வியாழக்கிழமை காலையில், அவருடைய கியர் வைத்த சைக்கிளுக்கு இரண்டு, என்னுடைய பழைய சைக்கிளுக்கு இரண்டு என்று நான்கு அறைகள் விழுந்தன. நான்காவதற்கு, உள்ளே அடுப்படியில் நின்ற அக்காவின் கையிலிருந்து கரண்டி நழுவி விழுந்தது. "சவம், ஒரு சாமானையும் ஒழுங்காப் பிடிக்கத் தெரியாது" என்று அத்தான் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அன்றைக்கு அவர் சந்தோஷமாக இருந்தார். நான்கு நாள் பயணம். கடலோரமாகவே மணப்பாடு வரை போய், திரும்பும்போது ஆற்றுமுகத்துத் திட்டில் ஓர் இரவு தங்கி, படகிலேயே கரை மாறி ஊர் வந்து சேர்வது. அவசரமே இல்லாமல் போவோம் என்று அவரிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தேன். அவசரம் முழுக்க அக்காவிடம் இருந்தது.

அத்தான் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். ஆறடி. சைக்கிள் ஓட்டி ஓட்டி இறுகிய தொடைகள். தெருவில் யாருக்காவது வண்டி பஞ்சர் என்றால் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவரைப் பற்றி ஒரு குறை சொன்னால் அந்தத் தெருவே நம்பாது. கல்யாணமான முதல் வருஷம் அக்கா முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு எங்கள் ஊரான நாசரேத்துக்கு வந்தாள். சித்திரை மாதத்தில் முழுக்கை. "கதவுல இடிச்சிட்டேம்லே" என்றாள். இரண்டாம் வருஷம் கழுத்தில் இடித்துக்கொண்டாள். கதவுகள் அதிகம் உள்ள வீடு என்று நாங்கள் நம்புவதாகப் பாவித்தோம். அப்பா பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு முறையும் அவளுக்காக முழங்காலில் நின்று ஜெபம் பண்ணி, பஸ் ஏற்றி அனுப்பினார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போனேன். ஏழு வருஷம் அந்தப் பையைத் தூக்கியிருக்கிறேன்.

ஏழாம் வருஷம் ஈஸ்டருக்கு வந்தவள் வாயைத் திறந்து சிரிக்கவில்லை. கீழ்வரிசையில் இரண்டு பற்கள் இல்லை. அவளுடைய ஐந்து வயது மகள் அதை எங்களுக்கு விளக்கிச் சொன்னாள், மழை பெய்ததைச் சொல்வதுபோல. அன்றைக்கு அக்கா யாரிடமும் யோசனை கேட்கவில்லை. ஓசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்கு ஏற்பாடு செய்துவிட்டாள். பிள்ளையையும் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். கூடவே இருந்த மாமியார் வீட்டை விட்டு அசைவது ஞாயிறு அதிகாலை ஆராதனைக்கு மட்டும். அந்த நேரத்துக்குள் கிளம்பி, காலை ரயிலைப் பிடிக்க வேண்டும். "ஞாயித்துக்கெழம காலைல அவரு ஊருல இருக்கக் கூடாது, அவ்வளவுதான் ஒன் வேல" என்றாள் என்னிடம். "வேற ஒண்ணும் நீ பண்ணாண்டாம். கேட்டியா? அங்கன ஒரு அடிகூட விழாம நான் வெளிய வரணும்."

கச்சான் காற்று அடிக்கிற காலம் அது. மேற்கிலிருந்து செம்மண் தேரி மேடுகளின் புழுதியை வாரிக் கொண்டுவந்து கடலில் வீசும். சைக்கிளின் பக்கவாட்டில் மோதி, ஆளையே சாலையிலிருந்து தள்ளப் பார்க்கும். முதலில் முயல் தீவு. துறைமுகச் சாலையின் முடிவில், நிலக்கரித் தூள் படிந்த அலை கரையை அடித்துக்கொண்டிருந்தது. அடித்துவிட்டு இழுத்துக்கொண்டு போய், மறுபடி வந்து அதே இடத்தில் அடித்தது. நான் அங்கே ஒரு மணி நேரம் உட்கார வைத்தேன் அத்தானை. உப்பளங்களில் ஒவ்வொரு பாத்தியருகேயும் நின்றேன். பழையகாயலில் இளநீர் குடித்தேன், மறுபடி குடித்தேன். "ஏலே மாப்ளே, நீ சைக்கிள் ஓட்ட வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்று அத்தான் கேலி செய்தார். ஆனாலும் ஒவ்வோர் இடத்திலும் எனக்காக நின்றார். மேட்டில் என் சீட்டுக்குப் பின்னால் கை கொடுத்துத் தள்ளினார். அந்தக் கை என் முதுகில் பட்ட ஒவ்வொரு முறையும் என் தோள் தானாக ஏறிக்கொண்டது.

தாமிரபரணி கடலில் விழுகிற இடத்தில் வள்ளம் ஏறினோம். ஃபைபர் வள்ளம். இரண்டு சைக்கிளையும் வலைகளின்மேல் படுக்கவைத்தோம். வள்ளக்காரர் அறுபதை நெருங்குகிறவர், புன்னைக்காயல்காரர், கழுத்தில் ஜெபமாலை. படகின் அடியில் ஒரு திருக்கை மீன் உயிரோடு கிடந்து வாலைச் சுழற்றிக்கொண்டிருந்தது. அவர் பேசிக்கொண்டே அதன் வாலை மிதித்து, முள்ளை ஒரே வெட்டில் எடுத்துக் கடலில் எறிந்தார். "முள்ள எடுத்துட்டா பெறவு இது பச்சப்புள்ள." அத்தான் குனிந்து அந்த மீனை வெகுநேரம் ரசித்துப் பார்த்தார். நான் வள்ளக்காரரின் காதருகே போய், சனிக்கிழமை ராத்திரி திட்டில் தங்கினால் ஞாயிற்றுக்கிழமை படகு வருமா என்று கேட்டேன். "ஞாயித்துக்கெழமயா? எங்க ஊருல ஒருத்தரும் கடலுக்குப் போவ மாட்டோம் தம்பி. மாதா காரியம்" என்றார்.

எனக்கு அது போதும். நான் வளர்ந்த புராட்டஸ்டண்ட் வீட்டில் ஓய்வுநாள் என்றால் ஓய்வுநாள். அப்பா ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஆணி அடிக்க விட மாட்டார், பேப்பர் படிக்க விட மாட்டார், பஸ் ஏற மாட்டார். கடலோரத்துக் கத்தோலிக்கர்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை சாயங்காலம் அத்தானைத் திட்டில் இறக்கிவிட்டால், திங்கள்கிழமை வரை நாலு பக்கமும் தண்ணீர். கட்டிப் போட வேண்டாம், பூட்டிப் போட வேண்டாம். கர்த்தருடைய நாளே அவரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த எண்ணத்தில் எவ்வளவு கர்வம் எனக்கு.

திருச்செந்தூரில் ஒரு வேன்காரர் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது அத்தானின் சைக்கிளை லேசாக உரசிவிட்டார். கீறல்கூட இல்லை. அத்தான் போய், வேனின் ஜன்னல் வழியே கையை விட்டு, அவர் சட்டைக் காலரைப் பிடித்துத் தலையை வெளியே இழுத்தார். குரலை உயர்த்தவே இல்லை. "என்ன அண்ணாச்சி, கண்ணு தெரியலயா?" அவர் மன்னிப்புக் கேட்கும்வரை இழுத்தார், கேட்ட பிறகும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கு மறக்கவில்லை. வேன்காரரின் கண்கள் கூட்டத்தில் யாராவது ஒருவர் பேசமாட்டார்களா என்று தேடி, கடைசியில் என்மேல் நின்றன. நான் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் கழித்து வழியில் ஒரு மீன்காரப் பெண்ணின் மொபெட்டுக்குச் சங்கிலி கழன்று நிற்க, அத்தான் வெயிலில் குந்தி உட்கார்ந்து மாட்டிக் கொடுத்தார். அவள் மகராசனாய் இருக்க வேண்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை மணப்பாடு. மணல்குன்றின் மேல் கோவில், கீழே பாறைகளில் கடல் தலையை முட்டிக்கொள்கிற சத்தம். காற்று மணலை அள்ளி முகத்தில் எறிந்தது. கண்ணை மூடிக்கொண்டுதான் பேச வேண்டியிருந்தது. எனக்கு அந்த மாலை பிடித்திருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அத்தான் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்த மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்து, பாதிக்கும் மேல் எனக்குத் தந்தார். தன் அப்பா தன்னைப் படகு கட்டும் கயிற்றால் அடித்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு, சாதாரணமாக, கடலைப் பார்த்தபடி கேட்டார்.

"ஏலே, நான் அவளக் கை வைக்கது ஒங்க வீட்டுல தெரியும்லா?"

"தெரியும் அத்தான்."

"பெறவு ஏன் ஒருத்தனும் வந்து கேக்கல?"

நான் இன்னொரு மக்ரூனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அவர் என் பக்கம் திரும்பினார். கேலி இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பும் முகம். "ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி, ஒங்கப்பா வந்து வாசல்ல நின்னு என்னன்னு கேட்டிருந்தாருன்னு வையி. எனக்கு வெக்கமா இருந்திருக்கும். நீங்க யாரும் வரல. சரி, இது இப்படித்தான் போல, யாருக்கும் ஒண்ணுமில்லன்னு நெனச்சுக்கிட்டேன்." பொட்டலக் காகிதத்தைக் கசக்கிக் காற்றில் விட்டார். அது கடலின்மேல் வெகுதூரம் பறந்தது. தன் குற்றத்தை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு அத்தான் அன்று நன்றாகத் தூங்கினார்.

சனிக்கிழமை காற்று எங்களுக்குச் சாதகமாகக் கொஞ்சம் திரும்பியது. புன்னைக்காயலில் அதே வள்ளக்காரர். திட்டு என்பது ஆறும் கடலும் சேர்ந்து ஒதுக்கித் தள்ளிய மணல்மேடு. ஓரத்தில் அலையாத்திப் புதர்கள், நடுவில் ஒரு சிமென்ட் சிலுவையும் அதற்கு மேல் ஓலைக் கூரையும். குருசடி என்பார்கள். நேர்ச்சை வைத்த மூன்று குடும்பங்கள் அங்கே பொங்கித் தின்று தங்கியிருந்தன. போனில் சிக்னல் சிலுவையடியில் மட்டும் கிடைக்கும். படகு எங்களை இறக்கிவிட்டுப் போனது. அதன் மோட்டார் சத்தம் முழுதும் தேய்ந்ததும் நான் மூன்று நாளில் முதல்முறையாக மூச்சு விட்டேன்.

ஞாயிறு விடிந்து வெளிச்சம் வந்த பிறகு அத்தான் பல் தேய்த்துக்கொண்டே சிலுவையடிக்குப் போனார். அவர் போன் அடித்தது. பக்கத்து வீட்டுக்காரர். பேசி முடித்து வந்தார். விரித்திருந்த போர்வையை நான்காக மடித்தார். ஓரங்களைச் சரியாகப் பொருத்தி மறுபடி மடித்தார். வாயைக் கொப்பளித்துத் துப்பினார். "மாப்ளே, அவ பெட்டியும் பிள்ளையுமா ஆட்டோ ஏறியிருக்கா. நீ வண்டிய எடு."

"இன்னைக்குப் படகு கெடையாதே அத்தான்" என்றேன். என் குரலில் இருந்த மகிழ்ச்சி எனக்கே கேட்டது. நான் சொல்லி முடிப்பதற்குள் அலையாத்திக்கு அப்பால் மோட்டார் சத்தம். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, எண்ணெய் வைத்து வாரிய தலையுடன் வள்ளக்காரர் படகை மணலில் ஏற்றினார். நேர்ச்சைக் குடும்பங்கள் புதுச் சேலையில் தயாராக நின்றுகொண்டிருந்தன. நான் ஓடினேன்.

"என்ன தம்பி, பேயறஞ்ச மாரி நிக்கே?"

"அண்ணே, ஞாயித்துக்கெழம போவ மாட்டோம்னு சொன்னீங்களே!"

"தொழிலுக்குலா போவ மாட்டோம்னேன். வலைதான் போடக் கூடாது. பூசைக்கு ஆள் ஏத்தாண்டாமா? மாதா என்ன, எல்லாரும் நீந்தி வாங்கன்னா சொன்னா?"

பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே அத்தான் தன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு முழங்கால் ஆழத் தண்ணீரில் இறங்கினார். "அண்ணே, மொதல்ல என்னைய அந்தக் கரையில எறக்கு. பெறவு பூசைக்குப் போலாம்." அக்கரையில் இறங்கி மிதித்தால் அவருக்கு ஒரு மணி நேரம். நான் பின்னால் போய் சைக்கிளின் பின் சக்கரத்தைப் பிடித்தேன்.

"விடு மாப்ளே."

"போவாதீங்க அத்தான்."

"விடுலே." திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான்கு நாளின் இளநீரும், உப்பளமும், "அவசரமே இல்ல அத்தானும்" அவர் கண்ணில் வரிசையாக ஓடி நின்றன. "ஓ. அதுக்குத்தானா மூதி, நீ சைக்கிளத் தூக்கிட்டு வந்தே."

அறை இடது காதின்மேல் விழுந்தது. வலி முதலில் தெரியவில்லை. கடல் நின்றுவிட்டது. அலை வருகிறது, உடைகிறது, சத்தம் இல்லை. அவர் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. தண்ணீருக்குள் விழுந்து உப்பைக் குடித்து எழுந்தேன். இதைத்தானே அவள் ஏழு வருஷம், அடுப்படியில், குளியலறையில், பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது. என் கை சைக்கிள் சட்டத்தில் மாட்டியிருந்த இரும்புப் பம்பை உருவியது. அத்தான் மறுபடி ஓங்கிய வலது மணிக்கட்டின்மேல் முதல் அடி. எலும்பு உடைவதைக் காதால் கேட்கவில்லை, கைப்பிடியின் வழியே உணர்ந்தேன். அவர் சைக்கிளோடு தண்ணீரில் சரிந்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. தோளில் அடித்தேன். உடைந்த கையை அவர் தலைக்கு மேலே மறைப்பாகப் பிடித்தபோது அந்தக் கையிலேயே அடித்தேன், விரல்களில். தண்ணீர் கலங்கிச் சிவந்தது. என் உடம்பு முழுவதும் ஒரு லேசான தன்மை பரவியது. பறப்பதுபோல. ஏழு வருஷத்துப் பையை இறக்கி வைத்ததுபோல. வள்ளக்காரர் பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தார். "எலேய் கோட்டிக்காரா, போதும்லே! செத்துத் தொலைஞ்சிரப் போறான்!"

பூசைக்குப் போகிற படகில், புதுச்சேலைப் பெண்களின் காலடியில் அத்தானைக் கிடத்திக் கொண்டுபோனார்கள். ஒருத்தி தன் முந்தானையைக் கிழித்துக் கையில் சுற்றினாள். என்னை யாரும் ஏற்றவில்லை. திட்டில் தனியாக, இரண்டு சைக்கிள்களோடு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரியில் அத்தான் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டதாகச் சொன்னார். மச்சினன் அடித்தான் என்று போலீசில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவருடைய வலது கை அதன் பிறகு முழுதாக மூடியதில்லை. அக்கா ஓசூர் போய்ச் சேர்ந்தாள். விவாகரத்தும் பிறகு கிடைத்தது.

ஆனாலும் கதை வெளியே வந்துவிட்டது. வள்ளக்காரர் வழியாகப் புன்னைக்காயல், அங்கிருந்து ஏரல் சந்தை, அங்கிருந்து நாசரேத். டீக்கடையில் எனக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். "அக்காளுக்கு ஒண்ணுன்னா இப்படில்லா நிக்கணும் தம்பி" என்றார்கள். அப்பாகூட, ஜெபத்தின் நடுவில், என் பெயரைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் நிமிர்த்தினார். நான் அதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் மணிக்கட்டில் விழுந்த முதல் அடி பெரிதாகிக்கொண்டே போனது. மற்ற அடிகள் சிறுத்துப்போய், கடைசியில் இல்லாமலே ஆயின. போன மாதம் பீச் ரோட்டில் அத்தானைப் பார்த்தேன். நரைத்துவிட்டார். "என்னலே, தொந்தி போட்டுட்டே" என்றார், அவ்வளவுதான். அவர் என்னைக் கண்டு பயப்படவில்லை என்பதில் எனக்கு வருத்தம் இருந்தது. அந்த வருத்தத்தைச் சுமந்துகொண்டுதான் அடுத்த வாரம் ஓசூருக்குப் பஸ் ஏறினேன்.

அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே, அத்தானைப் பார்த்ததைச் சொல்ல ஆரம்பித்து, எப்படியோ திட்டுக்குப் போய்விட்டேன். அவள் மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது, தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். படகு வந்தது, அவர் அறைந்தது, நான் பம்பை உருவியது என்று கையை ஓங்கிக் காட்டிச் சொல்லி முடித்தேன். அக்கா சிரிக்கவில்லை. இத்தனை வருஷமும் இந்தக் கதைக்கு அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"பூசை எத்தன மணிக்குலே?"

"எட்டு மணிக்கு. படகு ஏழரைக்கு வந்துட்டு."

அவள் தன் போனை எடுத்தாள். பழைய செய்திகளில் வெகுதூரம் பின்னால் போய், என் முன்னால் வைத்தாள். அவள் எனக்கு அனுப்பியது. ரயில் கெளம்பிட்டு, பிள்ள மடியில தூங்குது, நீ வம்புக்குப் போவாத. கீழே ஏழு மணி பத்து நிமிடம். பக்கத்தில் இரண்டு நீல டிக்.

அத்தான் போர்வையை மடித்துக்கொண்டிருந்தபோது நான் சிலுவையடிக்குப் போனேன். போன் துடித்தது. படித்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, மேலேயும் எழுதவில்லை. படகு வந்தபோது எனக்குத் தெரியும். அவர் அக்கரைக்குப் போனாலும், எவ்வளவு வேகமாக மிதித்தாலும், அங்கே யாரும் இல்லை என்று தெரியும். சக்கரத்தைப் பிடித்தது அவளுக்காக இல்லை. மணப்பாட்டில் அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் வேறு பதில் இருக்கவில்லை.

"ஒரு அடி விழாமத்தான் நான் வந்தேன்" என்றாள் அக்கா. "ஊருல போய்க் கேளு. தம்பிக்காரன் அடிச்சுக் கொண்டுபோனான்னுதான் சொல்லுதாவ. நான் எந்திரிச்சு வந்தத ஒருத்தரும் சொல்லல." போனை எடுத்து வைத்துக்கொண்டாள். குரலில் கோபம் இல்லை. "இனிமே இத எம் பிள்ள முன்னால சொல்லாத."

"சரிக்கா" என்றேன்.

"மாமாவுக்கு இன்னும் ஒண்ணு வையி" என்றாள் மகளிடம். அந்தப் பெண் தோசையைத் தட்டில் போட்டுக்கொண்டு வந்தாள். என் அருகே வரவில்லை. மேஜையின் அந்தக் கோடியில், என் கை எட்டாத இடத்தில் தட்டை வைத்து, ஒரு விரலால் மெதுவாக என் பக்கம் தள்ளிவிட்டாள்.